தட்டை வர்ணத்தில் தூரம்: அடிக்கடி விடும் பிழைகள்

பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் நின்று பாருங்கோ. தண்ணீர் ஒரு பட்டை, வானம் ஒரு பட்டை, நடுவில் மண்டைதீவு மெல்லிசாகக் கிடக்கும். நிழல் தீட்டி உருட்டி எடுக்க அங்கே ஒன்றுமில்லை, ஆனாலும் தூரம் தெரிகிறது. அதையே தட்டை வர்ணத்தில், அதாவது நிழல் தீட்டாமல் ஒவ்வொரு வடிவத்தையும் ஒரே சீரான நிறத்தால் நிரப்பிக் கீறப் போனால் பலருக்குப் படம் சுவரில் ஒட்டின நோட்டீஸ் மாதிரி நின்றுவிடும்.

பெரிய பிழை, பாடமாக்கி வைத்திருக்கிற விதி: சிவப்பு முன்னுக்கு வரும், நீலம் பின்னுக்குப் போகும். இதை நம்பி, கரையில் கட்டிக்கிடந்த நீலப் படகை நான் ஒருமுறை சிவப்பாக்கினேன். தேவையே இல்லாத வேலை. வெளிறின சாம்பல் தண்ணீரில் கடும் நீலம் சும்மாவே முன்னுக்கு வந்து நிற்கும். பக்கத்து நிறத்தோடு வெளிச்ச வித்தியாசம் எவ்வளவு என்பதைத்தான் கண் முதலில் பிடிக்கிறது. மண்டைதீவின் பச்சையை வானத்தின் வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கோ, தீவு விலகிப் போகும். சந்தேகமென்றால் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கோ. படகும் தண்ணீரும் ஒரே சாம்பலாக வந்தால் பிழை அங்கேதான். அக்ரிலிக் வர்ணம் காயும்போது அதன் நிறம் கொஞ்சம் கடுமையாகும், அதனால் காய்ந்த பிறகு பாருங்கோ.

அடுத்தது ஓரங்கள் முட்டுவது. பனையின் வட்டு அடிவானக் கோட்டைச் சரியாகத் தொட்டு நின்றால் மரம் இந்தக் கரையிலா, தீவிலா என்று கண் தடுமாறும். ஒன்றில் வட்டு கோட்டை மறைத்து மேலே போகட்டும், இல்லாவிட்டால் நன்றாகக் கீழே நிற்கட்டும். தாள் வெட்டி ஒட்டிப் பழகுவது நல்லது. ஆனால் பட்டம் கட்டுகிற மெல்லிய தாள் வேண்டாம்; அடியில் உள்ளது தெரிந்து எது முன்னே என்பது குழம்பிவிடும்.

பிறகு கறுப்புக் கோடு. தீவுக்கும் படகுக்கும் ஒரே தடிப்பில் கோடு இழுத்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1911இல் வரைந்த ‘சிவப்பு ஓவியக்கூடம்’ என்ற படத்தைத் தேடிப் பாருங்கோ. மேசை, கதிரை, மணிக்கூடு எல்லாம் கோடாகத் தெரியும். கிட்டப் போனால் அவை சிவப்பைப் பூசும்போது பூசாமல் விட்ட இடுக்குகள். முதலே பூசியிருந்த நிறங்கள் அதற்குள்ளால் எட்டிப் பார்க்கும். சுவர் மூலைக்குக்கூட அவர் கோடு போடவில்லை. சாய்ந்து போகிற மேசை ஓரம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. எனக்கு அதில் இன்னும் பொறாமை.

பனங்கூடல் கீறுகிறவர்களுக்கு ஒன்று: மரங்களை முடித்துவிட்டு மிஞ்சின இடத்தில் வானத்தை அடைக்காதேங்கோ. இடைவெளியும் ஒரு வடிவம், அதையும் பார்த்துக் கீறவேணும். மரங்களுக்கு இடையில் தெரிகிற வானத்தைத் திறந்த வானத்தைவிட ஒரு சொட்டுக் கடுமையாகக் கலவுங்கோ. அதே நிறத்தைப் போட்டால் வானத் துண்டுகள் மரத்துக்கு முன்னால் ஒட்டின மாதிரி மினுங்கும்.

எல்லாம் தட்டையாக இருக்க, ஒரு பொருளுக்கு மட்டும் நிழல் தீட்டுவதும் உண்டு. என் சிவப்புப் படகுப் படத்தில் கரையோரம் அப்படி ஒரு குடம் இருக்கிறது. மற்றதெல்லாம் தாளாகக் கிடக்க, அது மட்டும் உருண்டு விழப் பார்க்கும்.