வாசூ (Wazuh) என்ற பாதுகாப்புக் கண்காணிப்பு மென்பொருளின் ஏஜென்ட் (கண்காணிக்கப்படும் மெஷினில் ஓடும் நிரல்) சர்வரோடு இணையவில்லையா?
சும்மா ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பதில் பயனில்லை. ஏஜென்ட் இருக்கும் மெஷினில் சர்வர் தரும் அடையாளக் கீ இருக்கும் 'கிளையன்ட் கீஸ்' (client.keys) ஃபைலைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் சர்வரில் பதிவே நடக்கவில்லை: பதிவுக்கான 1515 போர்ட் அடைபட்டிருக்கலாம், அல்லது அதே பெயரில் பழைய ஏஜென்ட் ஒன்று சர்வரில் இருக்கலாம்.

கீ இருந்தும் டாஷ்போர்டில் 'நெவர் கனெக்டட்' என்றே காட்டினால் ஏஜென்ட் தகவல் அனுப்பும் 1514 போர்ட்டைச் சந்தேகியுங்கள். பிங் போகிறதே என்று நம்பிவிடாதீர்கள். போர்ட் திறந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. டெல்நெட் அல்லது நெட்கேட் வைத்து அந்தப் போர்ட்டையே சோதியுங்கள். கான்ஃபிக் ஃபைலில் சர்வர் முகவரி சரிதானா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் பதிப்பு சர்வரைவிடப் புதியதாக இருக்கக் கூடாது.

குளோன் செய்த மெஷின் என்றால் இரண்டிலும் ஒரே கீதான் இருக்கும். குளோனின் ஹோஸ்ட்நேமை முதலில் மாற்றி, பிறகு அதிலுள்ள கீயை அழித்து ஏஜென்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.