முழுப் பெயரைக் கேளுங்கள்: கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அக்கா, சீட்டு எடுத்த பணத்தில் மகனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினார். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் வாங்கித் தருகிறேன் என்று கொடுத்த வாக்கு. கண்ணாடிக் கேபினெட், உள்ளே நிறம் மாறி மாறிச் சுழலும் நான்கு ஃபேன். ஒரே வாரத்தில் என்னைத் தேடி வந்தார். "தம்பி, ஐ7னு சொல்லித்தான் குடுத்தாங்க. கேம் போட்டா நின்னு நின்னு ஓடுது. புள்ள மூஞ்சியே சரியில்ல."

திறந்து பார்த்தேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் ஐ7தான். ஆனால் ஐ7-4770, 2013-ல் வந்தது. 16 ஜிபி ரேம் இருந்தது, ஒற்றைக் குச்சியாக. "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று சொல்லி, திரைக்குப் படம் வரையும் பாகமாக விற்றது ஜிடி 730, அது 2014-ல் வந்த கார்டு. கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எல்லாவற்றிலும் பாதிப் பெயரை மட்டும் சொல்லியிருந்தார்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய யார்டில் கண்டெய்னர் கணக்கு எழுதுகிறேன். "நீலக் கலர் நாற்பதடிப் பெட்டி" என்று சொன்னால் யார்டில் ஒருவரும் எடுத்துத் தர முடியாது. நான்கு எழுத்து, ஏழு இலக்கம் கொண்ட முழு நம்பர் வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு பெட்டி. கம்ப்யூட்டர் பாகமும் அப்படித்தான் என்று அன்று புரிந்தது. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யார் சிஸ்டம் வாங்கப் போனாலும் கூடப் போகிறேன். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், பாகத்தின் முழுப் பெயரைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

"நல்ல சிஸ்டமா போடுங்கண்ணா"

கடையில் ஏறியதும் நாம் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். முதல் தவறும் இதுதான். என்ன கேம், எந்தத் திரை, எவ்வளவு பணம் என்ற மூன்றையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளை ஆடப்போவது வேலரன்ட் மட்டும் என்றால், அதற்குப் பெரிய கார்டே தேவையில்லை. நொடிக்கு 144 ஃபிரேமுக்கு (படத்துக்கு) மேல் ஓட அந்த கேம் கம்பெனியே கேட்பது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற 2016-ம் ஆண்டுக் கார்டைத்தான். சைபர்பங்க் 2077 ஆட வேண்டும் என்றால் கதை வேறு. குறைந்தபட்சமே 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (கேமைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) என்று கேட்கிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றுக்கே 150 ஜிபி இடம் வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் அந்த ஒரு கேமோடு இடம் முடிந்த மாதிரி. கேமின் பெயரைச் சொல்லாமல் பணத்தை மட்டும் சொன்னால், அந்தப் பணத்துக்குள் கடையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உங்கள் கேபினெட்டுக்குள் போகும்.

பிராசசர்: ஐ7 என்பது பெயரில் பாதி

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் வீட்டுப் பெயர் மாதிரி. அந்த வீட்டில் தாத்தாவும் இருப்பார், பேரனும் இருப்பான். பின்னால் வரும் எண்ணில்தான் தலைமுறை இருக்கிறது. 4770 என்றால் நான்காம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-ல் வந்த ஐ3-12100, அக்கா வாங்கிய அந்த ஐ7-ஐ சுலபமாக முந்திவிடும். இரண்டுக்கும் நான்கு கோர்தான் (வேலை செய்யும் கை மாதிரி), ஆனால் நடுவில் ஒன்பது வருட வேலை இருக்கிறது.

பழைய பிராசசரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. "கேமிங் பிசி, வெறும் 18,000" என்று ஆன்லைனில் வரும் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசசரும் 2011-ம் ஆண்டுக் கால எச்61 வகை மதர்போர்டும்தான் இருக்கும். ஆபீஸ்களில் கழித்துப் போட்டவை, புதுக் கேபினெட்டுக்குள் வருகின்றன. பள்ளிப் பாடத்துக்கும் டைப் அடிக்கவும் அது போதும். கேமுக்கு என்று சொல்லி விற்பதுதான் மனசாட்சி இல்லாத வேலை.

இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால், அந்தப் பிராசசருக்குச் சொந்தமாகப் படம் காட்டும் திறன் இல்லை என்று பொருள். விலை கொஞ்சம் குறைவு, வாங்கலாம். ஆனால் கிராபிக்ஸ் கார்டு சர்வீசுக்குப் போனால் அது திரும்பி வரும்வரை திரை இருட்டுதான். அதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு: ஜிபியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கேமுக்கென்றே வாங்கும் சிஸ்டத்தில் மானிட்டர் நீங்கலான பணத்தில் கிட்டத்தட்ட பாதி இந்த ஒரு பாகத்துக்குப் போகலாம், தப்பில்லை. பலர் அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய பிராசசர், விலையான போர்டு, வண்ண வண்ண ஃபேன் என்று செலவழித்துவிட்டு, மிச்சத்தில் ஒரு கார்டு செருகுகிறார்கள்.

கார்டில் சொல்லப்படும் ஜிபி அதன் நினைவகம் மட்டும். குடோன் எவ்வளவு பெரிது என்று சொல்வது போல. சரக்கை ஏற்றி இறக்க எத்தனை ஆள் என்பதை அது சொல்லாது. ஜிடி 730-ல் 4 ஜிபி குடோன் இருக்கிறது, ஆள்தான் இல்லை. ஒரே பெயரிலும் வேறுபாடு உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்று கேட்டால் 2022-ல் வந்த 8 ஜிபி கார்டும் கிடைக்கும், 2024-ல் வந்த 6 ஜிபி கார்டும் கிடைக்கும். நினைவகம் மட்டும்தான் வேறு என்று நினைப்போம். முதலாவதில் 2560 கோர், அதாவது வேலைக்கு அத்தனை ஆள், இரண்டாவதில் 2304. வேகமும் குறைவு. பெட்டியின் மேல் இருக்கும் பெயரைக் கடைசி எழுத்துவரை எழுதிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

பழைய கார்டு வாங்குவதானால் இன்னும் கவனம். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் என்ற டிஜிட்டல் காயினை உருவாக்கும் முறை மாறியதும், அதைத் 'தோண்டுவதற்காக' (கணக்குப் போட்டுச் சம்பாதிப்பதற்காக) இரவும் பகலும் ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன், விலையில் அது தெரிய வேண்டும். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304 ஸ்ட்ரீம் பிராசசர் (ஏஎம்டி கார்டில் கோருக்குப் பெயர்) உள்ளதும் வரும், 2048 மட்டுமே உள்ளதும் வரும். பழைய சிப்பில் புதுப் பெயரைப் பதித்து விற்கும் கார்டுகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டுங்கள். சிப்பின் உண்மைப் பெயரைச் சொல்லும், பொய்யாகப் பெயர் மாற்றிய கார்டு பலவற்றைப் பிடித்துப் 'போலி' என்றே காட்டும்.

எஸ்எம்பிஎஸ்: யாரும் பெயர் கேட்காத பெட்டி

கொட்டேஷனில் எல்லாவற்றுக்கும் கம்பெனி பெயர் இருக்கும், சிஸ்டத்துக்கு மின்சாரம் பிரித்துத் தரும் இந்தப் பெட்டிக்கு மட்டும் "450 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று இருக்கும். கேபினெட்டோடு சேர்ந்து வருவது என்பார்கள். எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான், ஏனென்றால் இது கெட்டால் தனியாகப் போகாது. போகும்போது போர்டையோ கார்டையோ கூட்டிக்கொண்டு போகலாம்.

அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12 ஆல் பெருக்குங்கள். பிராசசரும் கார்டும் அங்கிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. நல்ல 450 வாட் பெட்டியில் 36 ஆம்பியர் அளவில் இருக்கும், பெருக்கினால் 432 வாட். மேலே 450 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் கட்டத்தில் 16 ஆம்பியர்தான் என்றால் வெறும் 192 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றே 170 வாட் எடுக்கும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரை உள்ள, குறைந்தது மூன்று வருட வாரன்டி தருகிற பெயர் தெரிந்த கம்பெனிப் பெட்டியைக் கேளுங்கள். அதற்காக வண்ண ஃபேன்களை விட்டுக்கொடுக்கலாம். ஃபேனை அடுத்த பொங்கலுக்குக்கூட மாட்டிக்கொள்ளலாம்.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும்

வெளியூர் வீடியோக்களில் இதையெல்லாம் சொல்வதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் எத்தனையோ லைன் வீடுகளில் பிளக்கில் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருக்கிறது. எர்த் ஒயரே போயிருக்காது. எர்த் இல்லாமல் ஓட்டினால் இரும்புக் கேபினெட்டைத் தொடும்போது கையில் சுருக்கென்று அடிக்கும். "சிபியு ஷாக் அடிக்குது, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று கடையில் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டது கம்ப்யூட்டர் இல்லை. சிஸ்டம் வீட்டுக்கு வருவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் வேண்டவே வேண்டாம், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு.

யுபிஎஸ் விஷயத்தில் 600 விஏ என்பது 600 வாட் இல்லை. வழக்கமாக 360 வாட் அளவுதான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது பீப் அடித்துவிட்டுச் சிஸ்டத்தோடு சேர்ந்து அணைந்துவிடலாம். கரண்ட் பில்லையும் சொல்ல வேண்டும். 350 வாட் சிஸ்டம் தினமும் நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது. கடலைப் பார்த்த ஜன்னலை ஒட்டிக் கேபினெட்டை வைக்காதீர்கள். எண்ணூர் சாலையிலும் மணலிப் பக்கமும் லாரிப் புழுதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து தூசு தட்ட வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் கேபினெட் பார்க்க அழகு, ஆனால் காற்று உள்ளே போக வழியில்லை. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது அடுப்புதான். சூடு ஏறியதும் பிராசசரும் கார்டும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலை போட்ட கேபினெட்டைக் கேளுங்கள். தரையில் வைக்கவும் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சின்ன விஷயங்கள், பெரிய இழப்பு

ரேம் 16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி இரண்டாகப் போடச் சொல்லுங்கள். ஒற்றைக் குச்சியில் பாதி வழி அடைபட்டு நிற்கும். 3200 வேக ரேம் வாங்கிவிட்டு, பயோஸ் செட்டிங்கில் எக்ஸ்எம்பி என்ற முழுவேக வசதியைப் போடாததால் 2133-லேயே ஓடும் சிஸ்டங்களும் உண்டு. கடையிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். போர்டில் உள்ள ஓட்டையில் செருகினால், வாங்கிய கார்டு சும்மாவே உட்கார்ந்திருக்கும். தண்டையார்பேட்டையில் ஒரு பையன் நான்கு மாதம் அப்படி ஆடியிருந்தான். நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144 என்று மாற்ற வேண்டும். பல நேரம் அது 60-லேயே நிற்கும்.

பில்

"பில் வேணாம்னா குறைச்சுத் தரேன்" என்பார்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 60,000 ரூபாய்ப் பொருளுக்கு 10,800, பெரிய தொகைதான். ஆனால் அசெம்பிள்ட் சிஸ்டத்தில் முழு சிஸ்டத்துக்கும் சேர்த்து ஒரே வாரன்டி கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தந்தக் கம்பெனி தனித்தனியாகத் தருகிறது. அதை வாங்கப் போனால் பில்லும் சீரியல் எண்ணும் கேட்பார்கள். அக்காவின் பில்லில் 'கேமிங் பிசி, 1' என்று ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு எதையும் திருப்பித் தரவும் முடியவில்லை, ஏமாற்றினார்கள் என்று காட்டவும் முடியவில்லை. ஒவ்வொரு பாகமும் தனி வரியில், முழுப் பெயரோடும் சீரியல் எண்ணோடும் வர வேண்டும். ஒழுங்கான பில் இருந்தும் கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பில் போடும் முன்னாலேயே அதே மாதிரி ஒரு கொட்டேஷன் வாங்கி, அந்தத் தாளோடு இன்னும் இரண்டு கடை ஏறுங்கள். திருவொற்றியூர், டோல்கேட் பக்கமிருந்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போக, மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டம்வரை வண்டி மாற வேண்டாம். முழுப் பெயர் எழுதிய தாள் கையில் இருந்தால் மூன்று கடையும் ஒரே பொருளுக்கு விலை சொல்லும். இல்லாவிட்டால் மூன்று வேறு பொருளின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். முழுப் பெயரைச் சொல்ல யோசிக்கிற கடையில் நான் உட்காருவதே இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் பிள்ளை ஆடும் கேமையே கடையில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நம் பணம். தாளில் உள்ள பெயரும் திரையில் தெரியும் பெயரும் ஒன்றா என்று ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். பிறகு எல்லாப் பாகத்தின் காலி அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். ஆட்டோவில் இடம் இல்லை என்பார்கள், மடியில் வைத்தாவது கொண்டுவந்து பரணில் ஏற்றிவிடுங்கள். சீரியல் எண் ஸ்டிக்கர் அதில்தான் ஒட்டியிருக்கும். வாரன்டி முடியும்வரை அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.