கார் இன்சூரன்ஸ் ரினியூவல்: குறைந்த விலையைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே போன் வர ஆரம்பித்துவிடும். டீலர் ஒரு தொகை சொல்வார், தெரிந்த ஏஜென்ட் வேறொன்று சொல்வார், மொபைலில் பார்த்தால் இன்னொன்று காட்டும். மூன்றில் எது குறைவோ அதைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே பாலிசிக்கான விலையே அல்ல. அவற்றை ஒரே தட்டில் கொண்டுவந்து ஒப்பிடுவதற்கான வழி இது.

படி 1: பழைய பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

பிரீமியம் விவரப் பட்டியலில் இரண்டு பகுதிகள் இருக்கும். நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு தேர்டு பார்ட்டி. நம் கார் சேதமானாலோ திருடு போனாலோ ஓன் டேமேஜ்.

தேர்டு பார்ட்டி கட்டணத்தில் பேரத்துக்கே இடமில்லை. அரசு நிர்ணயிப்பது, எந்த நிறுவனத்திடம் போனாலும் ஒரே தொகைதான். 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, ஒரு வருடத்துக்கு 1,000 சிசி வரை ரூ.2,094, அதற்கு மேல் 1,500 சிசி வரை ரூ.3,416, அதையும் தாண்டினால் ரூ.7,897. ஜிஎஸ்டி தனி. பின்னால் புதிய அறிவிப்பு வந்து தொகை மாறினாலும் எல்லா நிறுவனத்துக்கும் சேர்ந்தேதான் மாறும். அதனால் “தேர்டு பார்ட்டியில் உங்களுக்காகக் குறைத்திருக்கிறேன்” என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்கிய காராக இருந்தால் தேர்டு பார்ட்டியை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டியிருப்பீர்கள். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் ஓன் டேமேஜ் மட்டும் தனியாக எடுத்தால் போதும், அதையும் வேறு நிறுவனத்தில் எடுக்கலாம்.

படி 2: ஐடிவியை ஒரே அளவில் வையுங்கள்

ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கார் திருடு போனாலோ, சரிசெய்யவே முடியாதபடி நொறுங்கினாலோ கையில் கிடைக்கும் அதிகபட்சத் தொகைதான் ஐடிவி. இதைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் பிரீமியமும் குறைந்து தெரியும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிறுவனம் 5 லட்சம் ஐடிவிக்கு ஓன் டேமேஜ் ரூ.6,000 கேட்கிறது. இரண்டாவது ரூ.5,200 கேட்கிறது, ஆனால் ஐடிவி 4.2 லட்சம். பார்த்தவுடன் 800 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஒரு லட்சத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: முதலாவது ரூ.1,200, இரண்டாவது சுமார் ரூ.1,238. குறைவாகக் கேட்டவர்தான் உண்மையில் அதிகம் வாங்குகிறார், அதோடு உங்கள் பாதுகாப்பில் 80,000 ரூபாயும் போச்சு.

எவ்வளவு வைப்பது நியாயம்? புதுக் காரின் இன்றைய விலையில் இருந்து வயதுக்கேற்பக் கழிப்பார்கள். ஒன்று முதல் இரண்டு வருடக் காருக்கு 20 சதவீதம், இரண்டு முதல் மூன்றுக்கு 30, மூன்று முதல் நான்குக்கு 40, நான்கு முதல் ஐந்துக்கு 50. ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டால் நீங்களும் நிறுவனமும் பேசி முடிவுசெய்வது. ஒரு தொகையை முடிவுசெய்துகொண்டு, எல்லாரிடமும் அதே ஐடிவிக்கு விலை கேளுங்கள்.

படி 3: நோ கிளெய்ம் போனஸைச் சரியாகச் சொல்லுங்கள்

கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருடத்தில் 50. இந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜுக்கு மட்டும்தான். நிறுவனம் மாறினாலும் கூடவே வரும். போனஸ் காருக்கு அல்ல, உங்களுக்கு; காரை விற்றுவிட்டுப் புதுசு வாங்கினால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் மொத்தமும் போய்விடும்.

கிளெய்ம் வாங்கிவிட்டு “இல்லை என்றே போட்டுக்கலாம் சார்” என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். நிறுவனங்கள் பழைய பதிவைச் சரிபார்க்கும். பெரிய விபத்தின்போது அது வெளிவந்தால் பணம் கிடைப்பதே சந்தேகம்.

பம்பர் கீறலுக்கு 4,000 ரூபாய் செலவாகிறது என்றால் கிளெய்முக்குப் போகும் முன் கணக்குப் போடுங்கள். 1,500 சிசி வரையான காருக்கு முதல் 1,000 ரூபாய் எப்படியும் உங்கள் கையிலிருந்துதான். 50 சதவீத போனஸ் வைத்திருப்பவர் அதை இழந்தால், அடுத்த வருடமே அதைவிட அதிகமாகக் கட்ட வேண்டி வரலாம்.

படி 4: ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு) தேர்வு

ஜீரோ டெப், அதாவது பலரும் பம்பர் டு பம்பர் என்பது, ஐந்து வருடத்துக்குள் உள்ள காருக்கு நிச்சயம் வேண்டும் என்பேன். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். இன்றைய கார்களில் பம்பரே பிளாஸ்டிக்தான்.

சென்னையில் வெள்ளம் தேங்கும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் இன்ஜின் புரொடெக்டை விடவே கூடாது. வெள்ளச் சேதத்துக்குச் சாதாரண பாலிசியிலேயே இடம் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் நீர் போய்ப் பழுதானால் அது சேராது. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்று அந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாவி தொலைந்தால், டயர் கிழிந்தால் என்று வரும் மற்றவற்றைப் பெரும்பாலானோர் தாராளமாக நீக்கலாம்.

உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடும் பட்டியலில் இருக்கும். அதே அளவுக்கு வேறு தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே வைத்திருந்தால் இதை எடுத்துவிடச் சொல்லலாம். இரண்டு கார் வைத்திருப்பவர்கள் இதற்கு இரண்டு முறை கட்டிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம்.

படி 5: இப்போது விலை கேளுங்கள்

ஒப்பீட்டுத் தளம் ஒன்று, நிறுவனங்களின் சொந்த இணையதளம் இரண்டு, ஒரு ஏஜென்ட், கடைசியாக டீலர். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்ற அரசு நிறுவனங்களையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாரிடமும் அதே ஐடிவி, அதே போனஸ், அதே ஆட்-ஆன். டீலரிடம் மற்றவர் தந்த விலைப்பட்டியலைக் காட்டினால் பெரும்பாலும் இறங்கி வருவார். நீங்கள் வழக்கமாக வண்டி விடும் சர்வீஸ் சென்டரில் அந்த நிறுவனத்துக்குக் கேஷ்லெஸ் வசதி (பழுதுச் செலவை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். 300 ரூபாய் வித்தியாசத்துக்காக அதை விடுவது வீண்.

இதையெல்லாம் பாலிசி முடிவதற்குள் செய்யுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் காரை ஆய்வு செய்த பிறகே ஓன் டேமேஜ் தருவார்கள். அந்த இடைவெளியில் போலீஸில் மாட்டினால் முதல் முறை அபராதமே 2,000 ரூபாய்.

பணம் கட்டியதும் பாலிசி மின்னஞ்சலில் வரும். இன்ஜின் எண், சேஸிஸ் எண், போனஸ் சதவீதம், கேட்ட ஆட்-ஆன்கள் ஆகியவற்றை ஆர்சியோடும் விலைப்பட்டியலோடும் ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் அன்றைக்கே எழுதிக் கேட்டுத் திருத்தி வாங்குங்கள்.