காகிதம், கிளிப், பலூன்: பறத்தலின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கையால் கற்றுக்கொடுப்பது எப்படி?

1783 பலூன், 1903 விமானம், 1957 செயற்கைக்கோள், 1969 நிலவு. பறத்தலின் வரலாற்றை இப்படி வருடங்களாக ஒப்பிக்க வைத்தால் பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மேலே போவது எப்படி என்பதைவிட, போன பிறகு கவிழாமல் இருப்பது எப்படி என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே தொட்டுப் பார்க்க முடியும். ஏ4 காகிதம், கிளிப்புகள், ஒரு காலிப் பற்பசைப் பெட்டி, பலூன்கள், நூல், ஸ்ட்ரா, ஒட்டும் டேப், மெல்லிய குச்சி ஒன்று. இவ்வளவு போதும்.

பலூனின் கதையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். 1783 நவம்பர் 21 அன்று மோங்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்று பலூனில் இருவர் பாரீஸுக்கு மேலே சுமார் 25 நிமிடம் மிதந்தார்கள். காற்று கொண்டுபோன பக்கம்தான் போக முடிந்தது. இறக்கை வேண்டும் என்ற தேவை அங்கேதான் வருகிறது.

இப்போது காகிதத்தை எடுங்கள். நீளமான விளிம்பு உங்கள் பக்கம் இருக்கட்டும். அந்த விளிம்பை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மடித்து, அதே பட்டையை மீண்டும் மீண்டும் மடித்துக்கொண்டே போய், காகிதத்தில் பாதி தீர்ந்ததும் நிறுத்துங்கள். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தளர்வாக இருந்தால் பட்டை பிரிந்துவிடும். பிறகு நடுவில் லேசாக மடித்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் மேல்நோக்கி நிற்கும்படி விரியுங்கள். கனமான பட்டை முன்னால் இருக்கப் பிடித்து மெதுவாகத் தள்ளிவிட்டால், பெரும்பாலும் குட்டிக்கரணம் அடித்து விழும். அதற்கு உடனே மருந்து சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அவர்களே யோசிக்கட்டும்.

அப்புறம் முன் விளிம்பின் நடுவில் ஒரு கிளிப்பை மாட்டச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் இன்னொன்று. எடை முன்னால் நகர்ந்ததும் காகிதம் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பிக்கும். மூக்கு குத்தி இறங்கினால் பின்விளிம்பை ஒரு இழை மேல்நோக்கி வளைத்தால் சரியாகிவிடும்.

பெயர்களைச் சொல்ல இதுதான் சரியான நேரம். இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1799-லேயே ஒரு சிறு வெள்ளித் தட்டில் அசையாத இறக்கையும் தனி வாலும் கொண்ட பறக்கும் கலத்தைச் செதுக்கி வைத்தார். பறவையைப் போல இறக்கையை அடிக்கத் தேவையில்லை, தூக்குவது ஒரு வேலை, முன்னே தள்ளுவது வேறு வேலை என்று பிரித்துப் பார்த்தவர் அவர். அடுத்து ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால். 1891 முதல் ஏறத்தாழ 2,000 முறை, என்ஜின் இல்லாமல் காற்றில் வழுக்கிச் செல்லும் கிளைடரில் பறந்தவர். கிளைடரில் தொங்கியபடி தன் உடம்பையே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்திச் சமநிலை பிடித்தார். பிள்ளைகள் கிளிப்பை நகர்த்துவதும் அதே வித்தைதான். ஆனால் பலமான காற்று திடீரென்று அடிக்கும்போது மனித உடம்பால் அவ்வளவு வேகமாக நகர முடியாது. 1896 ஆகஸ்டில் அவருடைய கிளைடர் நிலைகுலைந்து விழுந்தது, மறுநாள் இறந்துபோனார். இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அவசரப்படாமல் சொல்லுங்கள்.

இனி பற்பசைப் பெட்டி. இரண்டு முனைகளையும் திறந்துவிட்டு, ஒரு முனையை இடக்கையிலும் மறுமுனையை வலக்கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேர்ந்து ஒரு முனையில் முன்னோக்கியும் மறுமுனையில் பின்னோக்கியும் சாயும். 1899-ல் தங்கள் சைக்கிள் கடையில் டியூப் வந்த காலி அட்டைப்பெட்டியை இப்படி முறுக்கியபோதுதான் அமெரிக்காவின் ரைட் சகோதரர்களில் ஒருவரான வில்பருக்கு யோசனை பிறந்தது: உடம்பை நகர்த்துவானேன், இறக்கையையே முறுக்கினால் என்ன? காகித கிளைடரில் வலப் பின்விளிம்பை மேலேயும் இடப் பின்விளிம்பைக் கீழேயும் வளைத்து விடுங்கள். வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். என் மாணவர்களில் சிலர், மூக்கு முதலில் எதிர்ப்பக்கம் இழுக்கிறது என்று கவனித்துச் சொல்வார்கள். சபாஷ் என்று சொல்லத் தோன்றும். கீழே வளைந்த பக்கத்துக்குக் காற்றின் இழுவை அதிகம், அதனால் அப்படி நடக்கிறது. ரைட் சகோதரர்களையும் 1901-ல் இது பாடாய்ப் படுத்தியது. 1902 கிளைடரில் அசையும் சுக்கானைப் பின்னால் வைத்த பிறகே தீர்ந்தது. என்னைக் கேட்டால், விமானம் பிறந்த வருடம் 1902-தான். அடுத்த வருடம் அதற்கு என்ஜின் வந்தது.

அந்த அடுத்த வருடத்தை வெளியில் கொண்டுபோய்க் காட்டுங்கள். தரையில் 36.5 மீட்டர் அளந்து கோடு போட்டு, ஒரு பிள்ளையை 12 வினாடியில் ஓடிக் கடக்கச் சொல்லுங்கள். 1903 டிசம்பர் 17 அன்று ஓர்வில் ரைட் பறந்த முதல் தூரமும் நேரமும் அதுதான். எதிர்க்காற்று பலமாக இருந்ததால் விமானம் மெதுவாகவே நகர்ந்தது. வில்பர் பக்கத்திலேயே ஓடினார். அன்றைய நான்காவது முயற்சியில் 59 வினாடி, 260 மீட்டர்.

அடுத்த நாற்பது வருடத்தை, ஜெட் என்ஜின் உட்பட, மேலோட்டமாகச் சொன்னால் போதும். ராக்கெட்டுக்கு வாருங்கள். நூலில் ஸ்ட்ராவைக் கோத்து, ஊதிய பலூனை அதில் டேப்பால் ஒட்டி விட்டால் நேராகப் பாயும். அதே பலூனை நூலில்லாமல் விட்டால் தாறுமாறாகச் சுற்றும். அமெரிக்காவின் ராபர்ட் கொடார்ட் 1926 மார்ச் 16 அன்று முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவியபோது, என்ஜினை உச்சியில் வைத்து மேலிருந்து இழுத்தால் நேராகப் போகும் என்று நம்பினார். அப்படி ஆகவில்லை. உடல் சாய்ந்தால் அதோடு பிணைந்த என்ஜினும் சேர்ந்தே சாய்கிறதே! இரண்டரை வினாடியில் சுமார் 12.5 மீட்டர் உயரம் போய் விழுந்தது. 1930-களில், சுழன்றபடியே திசை மாறாமல் நின்று சாய்வைக் காட்டும் கைரோஸ்கோப்பையும், வெளியேறும் வாயுவுக்குள் திரும்பும் சிறு தகடுகளையும் கொண்டு வழிக்குக் கொண்டுவந்தார்.

கடைசியாக விண்வெளி. அங்கே காற்றே இல்லை. இறக்கையும் சுக்கானும் எதற்கும் உதவாது. சின்னச் சின்ன வாயு உந்திகளால்தான் கலத்தைத் திருப்ப வேண்டும். கொடார்ட் ஏவிய நாளிலிருந்து சரியாக 40 வருடம் கழித்து, 1966 மார்ச் 16 அன்று, அமெரிக்காவின் ஜெமினி 8 விண்கலத்தில் ஓர் உந்தி நிற்காமல் பீய்ச்சியது. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் இருந்த கலம் வினாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழன்றது. பூமிக்குத் திரும்புவதற்கென்று வைத்திருந்த தனி உந்திகளை இயக்கி ஆம்ஸ்ட்ராங் சுழற்சியை நிறுத்தினார். பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு அன்றே பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினார்கள்.

இதைச் செய்து காட்ட, குச்சியின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, இரு முனையிலும் ஊதிய பலூனை ஒட்டி, வாயைக் கிளிப்பால் மூடுங்கள். இரண்டின் வாயும் ஒரே பக்கம் பார்க்கட்டும். ஒன்றை மட்டும் திறந்தால் குச்சி சுழலும். மறுபடி ஊதி, இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் திருப்பும் விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பலூன்கள் ஒரே அளவில் இல்லாவிட்டால் குச்சி மெல்லத் திரும்பிக்கொண்டே போகும். எதைக் குறைக்கலாம், எதைக் கூட்டலாம் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.