‘ஹெவி’ என்றால் எப்போதும் கனமா?

மும்பை மாட்டுங்காவில் எதிர் வீட்டுச் சிறுமி தினமும் ஆங்கில நாளிதழைத் தன் பாட்டிக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவாள். நேற்று, “பாட்டி, தாதர் ஸ்டேஷனில் கனமான பாதுகாப்பாம்” என்றாள். “யார் தூக்கி வைத்தார்கள்?” என்று கேட்டார் பாட்டி.

ஆங்கிலத்தில் ‘ஹெவி’யைக் கண்டதும் ‘கனம்’ என்று எழுதிவிடாதீர்கள். அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். பாதுகாப்பு என்றால் பலத்த, நஷ்டம் என்றால் பெருத்த, சண்டை என்றால் கடும். ‘ஹெவி டிராஃபிக்’கை வெறும் ‘நெரிசல்’ என்றாலே போதும். சயான் சர்க்கிளில் நின்றவருக்கு அடைமொழி தேவையில்லை.

மழையில்தான் கவனம் வேண்டும். அங்கே அது வர்ணனை அல்ல, அளவு. வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. அதைத் தாண்டி 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதிகனமழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் பதிவானது 944 மி.மீ. ஆகவே இங்கே ‘பலத்த மழை’ என்று மாற்றி எழுதினால் செய்தியே மாறிவிடும்.

டிராம்பேயின் துருவா அணு உலையில் பயன்படும் ‘ஹெவி வாட்டர்’, கனநீர். லாரி, கனரக வாகனம். இரண்டும் நிலைத்துவிட்ட சொற்கள், அப்படியே விடுங்கள். ‘ஹெவி ஸ்மோக்கர்’ மட்டும் ஓயாமல் புகைப்பவர். ஆள் ஒல்லியாகவும் இருக்கலாம்.