சேலத்திலிருந்து தூக்கப் பரிசோதனைத் தொழில்நுட்பர் ஆவதற்கு

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள், தூக்கப் பரிசோதனைக்கென்று தனிப் பட்டம் தேடி ஆண்டுகளைக் கழிக்க வேண்டியதில்லை. ரெஸ்பிரேட்டரி தெரபி போல மூச்சையோ, ஈஈஜி போல மூளையின் மின்னலைகளையோ அளக்கக் கற்றுத்தரும் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு, தூங்குபவரின் மூச்சையும் மூளை அலைகளையும் இரவு முழுவதும் பதிவு செய்யும் ஸ்லீப் லேப் உள்ள மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்வதே சிறந்தது என்பது என் கருத்து. சேரும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இரவு முழுவதும் நோயாளியைக் கண்காணிக்கும் முழுப் பரிசோதனை அங்கே நடக்கிறதா? நீங்கள் குறித்த பதிவைத் திருத்திச் சொல்ல மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா?

முதலில் பழக வேண்டியது கைவேலை. மூக்கின் வேரிலிருந்து பின்மண்டையின் எலும்பு மேடு வரையிலும், ஒரு காதுக்கு முன்னிருந்து மறு காதுக்கு முன் வரையிலும் நாடாவால் அளந்து, அந்த நீளத்தில் 10, 20 விழுக்காட்டுத் தொலைவுகளில் எலக்ட்ரோடுகளுக்கான (மின்னலைகளைப் பிடிக்கத் தலையில் ஒட்டும் சிறு தகடுகளுக்கான) இடங்களைக் குறிக்க வேண்டும். குறித்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மின்தடை 5 கிலோ ஓமுக்குள் வரும்வரை விடக் கூடாது. இதற்கு நம் ஊரில் பெரிய தடை தேங்காய் எண்ணெய்தான். ஆகவே நாள் குறிக்கும்போதே, தலைக்குக் குளித்து எண்ணெயும் பூவும் இல்லாமல் வரும்படியும், காலில் ஒட்டும் கம்பிகளில் உரசும் என்பதால் கொலுசைக் கழற்றிவைத்து வரும்படியும் சொல்லிவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருபவர்களை மாலையிலேயே வரச் சொல்வது நல்லது. மலைப்பாதையில் வந்த களைப்போடும் பதற்றத்தோடும் படுப்பவருக்குத் தூக்கம் எளிதில் வராது.

விளக்கை அணைக்கும் முன் செய்யும் சரிபார்ப்பில் அவசரம் வேண்டாம். "கண்ணை மூடுங்கம்மா, திறங்க, தலையை அசைக்காம இடப்பக்கம் பாருங்க, பல்லைக் கடிங்க, மூச்சைக் கொஞ்சம் நிறுத்துங்க, பாதத்தை மடக்குங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதற்குரிய கோடு திரையில் அசைகிறதா என்று பாருங்கள். அப்போது கவனிக்காமல் விட்ட ஒரு தளர்ந்த கம்பியைச் சரிசெய்ய, நள்ளிரவில் நோயாளியை எழுப்ப நேரிடும்.

அடுத்தது பதிவைப் படித்துக் குறிப்பது. இரவு முழுவதையும் 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் விழிப்பா, லேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கம் வரையிலான என்1, என்2, என்3 நிலைகளில் ஒன்றா, கனவுகள் மிகுந்த ஆர் நிலையா என்று முடிவு செய்வீர்கள். மூச்சோட்டம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்து குறைந்தது 10 விநாடி நீடித்தால் அது மூச்சு நிற்றல். அந்த நேரத்தில் நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க முயன்றால் தொண்டையில் அடைப்பு, முயலாவிட்டால் மூளையின் கட்டளை வரவில்லை என்று பொருள். இவ்விரண்டையும் பிரித்தறியும் கண் பல இரவுகளின் பழக்கத்தால்தான் வரும். முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து தொண்டை அடையாமல் காக்கும் சிபாப் கருவியில் வழக்கமாக 4 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் தொடங்கி, ஒவ்வொரு சென்டிமீட்டராக, இடையில் 5 நிமிடமாவது பொறுத்து உயர்த்தவும் அப்போது கற்றுக்கொள்வீர்கள்.

போதிய அனுபவம் சேர்ந்தபின், அமெரிக்காவின் பி.ஆர்.பி.டி. வாரியம் நடத்தும் ஆர்.பி.எஸ்.ஜி.டி. என்ற, தூக்கப் பரிசோதனைத் தொழில்நுட்பர்களுக்கான சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். அதற்கு உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிச் சான்றும் தேவை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சங்ககிரி பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் காலையில் கம்பிகளைக் கழற்றும்போது, "தம்பி, இன்னைக்கு லோடு எடுக்கலாமா?" என்று கேட்கக்கூடும். முடிவைச் சொல்லும் உரிமை மருத்துவருக்கே உண்டு. எனினும் "டாக்டர் சொல்லுவாருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஓட்டுநரின் தொழிலையும், ஓட்டும்போது கண் அசந்ததுண்டா என்பதையும் அறிக்கையில் எழுதி, மருத்துவரிடம் நேரிலும் தெரிவித்து, ஓட்டுநர் வண்டியை எடுக்கும் முன் அன்றே மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள்.