இடுப்பு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு பயணம்: பை எந்தக் கையில்?

கைத்தடி நல்ல காலின் பக்கம், கைப்பை ஆபரேஷன் ஆன இடுப்பின் பக்கம். பயணத்தில் இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள். பாரத்தை மறுபக்கம் மாற்றத்தான் கை தானாகப் போகும், ஆனால் கணக்கு நேர்மாறு. ஆபரேஷன் ஆன காலில் மட்டும் நிற்கும் ஒவ்வொரு அடியிலும், உடல் மறுபுறம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது அந்த இடுப்பின் பக்கவாட்டுத் தசை. பையும் மறுபுறம் தொங்கினால் அது இன்னும் இறுக்கி இழுக்க வேண்டும். அந்த அழுத்தம் புது மூட்டின் மேல்தான் விழும்.

தண்ணீர் பாட்டில், மாத்திரை, ரிப்போர்ட் கொள்ளும் பைக்குத்தான் இது. பெட்டி தூக்க வேறு ஆள் வேண்டும். வாக்கரில் நடப்பவர்களுக்கும், இரண்டு இடுப்பையும் மாற்றியவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குச் சின்ன முதுகுப்பைதான் சரி. எதையுமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம்.